பெரியம்மாவுடன் பங்குனி

மார்ச் 19, 2025, புதன்

பெரியம்மாவுக்குச் சொட்டு மருந்து முடிந்தது. புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது. நூம்பல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு மட்டும்தான் புரை எடுத்திருக்கிறார்கள். இடது கண்ணை அறுவடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே தள்ளிப்போட்டுவிட்டாள். அதனால் வீட்டில் இப்போது ஒரே வேடிக்கை. உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு எதிரே இருப்பதைப் பார்க்கிறாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு அதையே பார்க்கிறாள். “இந்தக் கண்ணுல உன் பொடவை வெள்ள. அந்தக் கண்ணுல பழுப்பு. ஏண்டி, எது நெசம்?”

வெள்ளைதான் நிஜம். புரை விழுந்த விழிவில்லை பழுப்பேறி, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் காட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது போனதும் நீலமும் வெள்ளையும் பளிச்சென்று திரும்பி வருமாம். பெரியம்மாவுக்கு வந்திருப்பது அந்தப் பளிச்சுதான். காலையில் மாடிக்குக் கூட்டிப்போனேன். எதிர்வீட்டுப் புங்க மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டு எண்ணெய் பூசிய மாதிரி புது இலை விட்டிருக்கிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இத்தன வருசமா மரத்துக்கு வயசாயிடுச்சின்னு நெனச்சேன்” என்றாள்.

அம்மாவுக்கும் புரை இருக்கிறது. ஆபரேஷன் என்றால் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள். அக்காவின் ஆட்டத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். “கண்ணு தெரியுதுன்னு தம்பட்டம்.”

வெயில் இன்னும் முற்றவில்லை. பெரியம்மா வாலாஜாபாத் பக்கம் ஊருக்குத் திரும்புவதற்குள் இரண்டு பேரையும் நாலு இடம் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு. பழைய கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையில்தான் இளவேனில் தொடங்குகிறது. சென்னைக்கு மேற்கே இருக்கிற எங்களுக்கு அது செல்லாது. சித்திரை பிறந்தால் அனல். எங்கள் வசந்தம் பங்குனியில், அதுவும் காலை ஒன்பது மணி வரைக்கும்தான்.

மார்ச் 20, வியாழன்

முதல் இடம் நம்மூர் மாங்காடு காமாட்சி. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்றால் எலுமிச்சம்பழத்தோடு ஆறு வார வேண்டுதல்காரர்கள் வரிசை தெரு வரைக்கும் நிற்கும். வியாழக்கிழமை காலையில் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனாலும் ஆட்டோ. ஆட்டோவில் ஏறுவதுதான் பெரியம்மாவுக்குப் பெரும்பாடு. காலைத் தூக்கி வைக்க முட்டி மடங்காது. குளியலறையில் கிடந்த சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையோடு எடுத்துப்போனேன். அதை ரோட்டில் போட்டு, ஒரு கால் அதில், மறு கால் ஆட்டோவில். கோயில் வரிசையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தும் கொண்டாள். தெருமுனை ஆட்டோத் தம்பி, “அக்கா, இத வண்டியிலயே வச்சிடுங்க, எனக்கும் யூஸ் ஆவும்” என்றான். கொடுக்கவில்லை.

அம்மன் பஞ்சாக்கினி நடுவே இடது கால் கட்டைவிரலை ஊன்றித் தவம் இருக்கும் கோலத்தை பெரியம்மா கல்யாணமான புதிதில் பார்த்தது. “ஒத்தக் கால்ல எப்படித்தான் நின்னாளோ! நான் ரெண்டு கால்லயும் நிக்க முடியல” என்று சத்தமாகவே சொன்னாள். முன்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். அம்மன் காஞ்சிக்குப் போன பிறகும் தீ தணியாமல் ஊர் தகித்ததாகவும், ஆதிசங்கரர் வந்து அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தை அமைத்துக் குளிர்வித்ததாகவும் தலபுராணம். அது எட்டு மூலிகைகளால் ஆனது என்பதால் அபிஷேகம் இல்லை, குங்கும அர்ச்சனைதான். பெரியம்மா அந்தக் குங்குமத்தை ஒரு கண், மறு கண் என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். வரிசையை நகர்த்துகிற பெண்மணி பொறுமையாக விட்டார்.

பிறகு வெள்ளீஸ்வரர். இங்கே பூசித்த சுக்கிரன்தான் வாமன அவதாரக் கதையில் வண்டாகி கமண்டலத்தின் மூக்கை அடைத்துக்கொண்டவர். தர்ப்பையால் குத்துப்பட்டு ஒரு கண் போனது அவருக்குத்தான். நான் கதையைச் சொன்னதும் பெரியம்மா சுவாமியை விட்டுவிட்டாள். “அவருக்கு எந்தக் கண்ணு?” தெரியவில்லை என்றேன். “அதக் கேக்காம என்னா படிச்சே?”

வைகுண்டப் பெருமாள் கோயிலில் அக்கா தங்கை இருவரும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். தங்கை கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த அண்ணன் அவர், கையில் கணையாழி இருக்கிறது. இறந்துபோன தங்கள் அண்ணன் சீர் என்று எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்ற கணக்கு பிராகாரத்தில் ஆரம்பித்து வீடு வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஓடியது. இத்தனை வருஷத்தில் இந்தக் கதை எனக்குத் தெரியாது. வெண்கல அண்டா ஒன்று உண்டாம், இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் இரண்டு கட்சி.

மார்ச் 22, சனி

பக்கத்து வீட்டம்மா யோசனை சொல்ல வந்தார். வேன் பிடித்தால் ஒரே நாளில் நவக்கிரகத் தலம் ஒன்பதையும் முடித்துவிடலாமாம். எங்களைச் சுற்றியே இருக்கின்றன: கொளப்பாக்கம் சூரியன், சோமங்கலம் சந்திரன், பூந்தமல்லி செவ்வாய், கோவூர் புதன், போரூர் குரு, மாங்காடு சுக்கிரன், பொழிச்சலூர் சனி, குன்றத்தூர் ராகு, கெருகம்பாக்கம் கேது. கும்பகோணம் பக்கம் போக முடியாதவர்களுக்குத் தொண்டை மண்டலத்தில் அமைந்த வரிசை. நல்லதுதான், ஆனால் ஒரே நாளில் ஒன்பது என்பது எண்பது வயதுக்காரர்களுக்குச் செய்கிற காரியம் இல்லை. வேனில் ஒன்பது முறை ஏறி ஒன்பது முறை இறங்க வேண்டும். ஐந்தாவது கோயிலில் யாரும் சுவாமியைப் பார்ப்பதில்லை, உட்கார இடம் தேடுவார்கள்.

சுக்கிரன் முடிந்தது, மீதி எட்டு வாரத்துக்கு ஒன்றாகப் போதும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். தியாகராஜர் ஐந்து கீர்த்தனை பாடின கோவூருக்கு முதலில் போகலாம் என்று அப்போதே சீட்டுப் போட்டாள்.

மார்ச் 26, புதன்

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள். காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். பஸ்ஸில் போகலாம், காசில்லை என்று அம்மா பிடிவாதம். பிங்க் பஸ் வந்தது. படி பெரியம்மாவின் முட்டி உயரம். தாழ்தளப் பேருந்துகள் போன வருஷம் ஆகஸ்டில் சென்னைக்கு வந்துவிட்டன, நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். நாங்கள் நின்ற நேரத்துக்கு அப்படி ஒன்று வரவில்லை. பஸ் போனதும் ஆட்டோத் தம்பிக்கு போன், ஸ்டூலோடு பயணம்.

இந்தக் கோயிலுக்கு நான் ஆயிரம் முறை போயிருப்பேன். வயதானவர்களோடு போகும்போதுதான் அதன் கதை எவ்வளவு நேராக அவர்களுக்காகவே இருக்கிறது என்பது உறைக்கிறது. திருக்கச்சி நம்பி இந்த ஊர்க்காரர், ராமானுஜருக்கே வழிகாட்டியவர். இங்கிருந்து மல்லிகைப் பூ எடுத்துக்கொண்டு காஞ்சி வரதருக்குச் சாத்தப் போவாராம். இன்றைக்கு பஸ்ஸிலேயே முழுசாக ஒன்றரை மணி நேரம் இழுக்கும் தூரம். வயதாகித் தள்ளாமை வந்து நடக்க முடியாமல் போனதும், வரதர் தானே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். ஒரே கோயிலில் காஞ்சி வரதரும், அரங்கநாதரும், திருமலை சீனிவாசரும். தாயார் பெயர் புஷ்பவல்லி.

“பாத்தியா, சாமிக்கே தெரியுது. நடக்க முடியாதவள அங்க வா, இங்க வான்னு இழுக்கக் கூடாது” என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். வரமாட்டேன் என்று சொன்னவளா அவள்? காலையில் ஐந்து மணிக்கே தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே நெரிசலில் நின்றோம். போன வாரம், 20ஆம் தேதி, பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை முதல் சோதனை ஓட்டம் நடந்தது. ஓட்டுநர் இல்லாத ரயில் என்று ஆட்டோத் தம்பி சொன்னான். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். “ஓட்றவன் இல்லாம ஓடுமா? அப்ப எறங்கணும்னா யார்கிட்ட சொல்றது?”

மார்ச் 30, ஞாயிறு

கடல். பெரியம்மா கேட்டது இது ஒன்றுதான். நாத்தனார் மகன் கார் கொண்டுவந்தான். இருட்டோடு ஐந்து மணிக்குக் கிளம்பி, போரூர், வடபழனி என்று விளக்கு வெளிச்சத்திலேயே கடந்து, விடிகிற நேரத்துக்கு மெரினா.

மெரினாவில் ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற மணல்தான் வயதானவர்களின் எதிரி. கால் புதைய அவ்வளவு தூரம் நடப்பதற்குள் கடலே வேண்டாம் என்று ஆகிவிடும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக மரத்தால் நடைபாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்து, இப்போது சக்கர நாற்காலி வைத்திருப்பவர்களும் கைத்தடிக்காரர்களும் அலைக்குப் பக்கத்தில் போய்விட முடிகிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு வயதான மனிதரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த பெண், முனையில் பிரேக் போட்டுவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் பேசவில்லை, தூக்குவாளியில் இட்லி இருந்தது.

சூரியன் வந்து தண்ணீர் நிறம் மாறியபோது பெரியம்மா தன் சோதனையைத் தொடங்கினாள். ஒரு கண், மறு கண். பிறகு இடது கண்ணை மூடியபடியே நின்றுவிட்டாள். “நீலம்” என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், “இவ்ளோ நீலமாடி?” அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, “எனக்கு எல்லாம் மேகமாத்தான் தெரியுது” என்றாள். அதை அவள் எரிச்சலாகச் சொல்லவில்லை. எனக்கு அது புதுசு.

நடைபாதை முடிகிற இடத்துக்கும் அலைக்கும் நடுவே இன்னும் ஈர மணல் இருக்கிறது. கால் நனைக்காமல் வரமாட்டேன் என்று பெரியம்மா அடம். மணலில் இறக்கினால் திரும்ப ஏற்றுவது யார்? கடைசியில் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், காலி தண்ணீர் பாட்டிலில் கடலைப் பிடித்துவந்து அவள் காலில் ஊற்றினார். அடுத்த பாட்டில் அம்மா காலில். “நம்பிக்குப் பெருமாள் வந்தாப்ல வந்துச்சி பாரு, கடலு” என்று அம்மா சிரித்தாள். மாப்பிள்ளை கையால் கால் கழுவிக்கொண்டது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

எட்டரைக்கு வீடு. யுகாதி என்று பக்கத்து வீட்டிலிருந்து பச்சடி வந்திருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

எங்கும் போகவில்லை. பெரியம்மாவுக்கு முட்டி வீக்கம், அம்மாவுக்குக் கோபம். காரணம் கடைசி வரை வெளிவரவில்லை.

எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை. வயதான பெண்களை வெளியே கூப்பிட்டால் வருகிற முதல் “வேண்டாம்”முக்குப் பின்னால் இருப்பது முட்டி வலி இல்லை, பாத்ரூம். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் “தாகம் எடுக்கல” என்பார்கள். பாதி நிஜம், வயதானால் தாக உணர்ச்சி குறைந்துபோகும். மீதிப் பாதி பயம். பங்குனி வெயிலில் இது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பெரியம்மா ஊர்க் கல்யாணம் ஒன்றில் அப்படித்தான் விழுந்தாள், சாப்பாடு சரியில்லை என்று எல்லோரும் சமையல்காரரைத் திட்டினார்கள்.

ஆகையால் எங்கே போகலாம் என்பதை நான் வரைபடத்தில் பார்ப்பதில்லை. வழியில் யார் வீடு இருக்கிறது, அந்த வீட்டில் உட்காருகிற கழிப்பறையா, குந்துகிறதா என்று பார்க்கிறேன். குந்துகிறது என்றால் அந்த வீடு கணக்கில் சேராது. அடுத்தது பெரிய ஓட்டல், அதற்கடுத்துதான் பெட்ரோல் பங்க். ஒரு மணி நேரத்துக்குள் இவற்றில் ஒன்று வராத வழியில் எவ்வளவு பெரிய கோயில் இருந்தாலும் எங்களுக்கு இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் இப்போதெல்லாம் கிளம்புகிறேன்: “போற எடத்துல மொதல்ல அதுதான் பாத்து வச்சிருக்கேன், தண்ணி குடிங்க.” சொன்ன பிறகு பெரியம்மா ஒரு சொம்பு மோர் முழுசாகக் குடிக்கிறாள்.

கோயில் நிர்வாகங்கள் தங்க ரதத்துக்கு முன்னால் பிராகாரத்தில் நாலு பெஞ்சும் கைப்பிடி வைத்த ஒரு கழிப்பறையும் போட்டால் எவ்வளவோ புண்ணியம். சொன்னால் நாத்திகம் என்பார்கள்.

ஏப்ரல் 5, சனி

ஆவடி பருத்திப்பட்டு ஏரி. அம்மா கோயில் இல்லாத இடத்துக்கு எதற்குப் போகிறோம் என்று வழியெல்லாம் கேட்டாள். 2019இல் ஏரியைச் சீர்செய்து சுற்றிலும் நடைபாதை போட்டுப் பசுமைப் பூங்கா ஆக்கினார்கள். முழுச் சுற்றும் நடக்கிற யோசனை எங்களுக்கு இல்லை. முதல் நல்ல பெஞ்சு எங்கே, நிழல் எந்தப் பக்கம், அவ்வளவுதான்.

கூழைக்கடா. பெரியம்மா இதுவரை பார்த்ததில்லையாம், அல்லது பார்த்தும் தெரியவில்லை. தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது பெரிய வாத்து என்று நினைத்தாள். ஒன்று எழும்பியது. கனத்த உடம்பு, தண்ணீரை நாலைந்து முறை காலால் அடித்து, இதோ விழுந்துவிடும் என்று நினைக்கிற நேரத்தில் சட்டென்று இறக்கை விரிந்து மேலே போய்விட்டது. அடியில் தொங்குகிற பை வரைக்கும் பெரியம்மாவுக்குத் தெரிந்தது. “எழுந்திரிக்கறதுதான் கஷ்டம். எழுந்துட்டா ஒண்ணுமில்ல” என்றாள். தினமும் காலையில் கட்டிலிலிருந்து எழும்போது அவள் சொல்கிற அதே வாக்கியம்.

அம்மா, “எங்க? எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரியம்மா கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். “அங்க பாரு, அந்த முள்ளு மரத்துக்கு மேல. ஐயோ, போயிடுச்சி.” இதே நாலைந்து முறை. பிறகு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டாங்கி பாக்டரிக்காரர் ஒருவரோடு பேச ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் அவருடைய மூன்று பெண்களின் சம்பந்தி வீடுகள் வரை தெரிந்துகொண்டாள். அம்மாவுக்கு ஏரி என்றால் அதுதான். அதிலும் குறைவொன்றும் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

மயிலாப்பூரில் இன்றைக்குத் தேர், நாளைக்கு அறுபத்து மூவர். பெரியம்மா போகலாமா என்றாள். நான்கு மாட வீதியில் நாளை நிற்கப்போகிற கூட்டத்தை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. அறுபத்து மூவரையும் பாடினவர் ஊருக்கே போகலாம் வாங்க என்று குன்றத்தூருக்குத் திருப்பிவிட்டேன். சேக்கிழார் பிறந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு பக்கத்தில் இருப்பதை மாங்காட்டுக்காரர்களே மறந்துவிடுகிறார்கள். அநபாயச் சோழனிடம் அமைச்சராக இருந்தவர், கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தில் மனம் பறிகொடுத்து, தினமும் தரிசிக்க முடியவில்லையே என்று அதேபோல ஒன்றைத் தன் ஊரில் கட்டிக்கொண்டார். இதுவும் பூந்தமல்லிக் கதைதான். போக முடியாத இடத்தை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவது இந்தப் பக்கத்து ஆட்களின் பழக்கம் போலிருக்கிறது. நாகேஸ்வரர் கோயிலில் கூட்டமே இல்லை. பெரியம்மா தூணில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டாள்.

மலை மேல் முருகன் கோயிலுக்கு எண்பத்து நாலு படி. வண்டிப் பாதையும் இருப்பதால் ஆட்டோ மேலேயே போய்விட்டது. நாளை மறுநாள் உத்திரம் என்பதால் காவடிக்காரர்கள் வருவதற்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சன்னதியில் ஒரு விசேஷம் உண்டு. முருகனை நேராக நின்று பார்த்தால் அவர் மட்டும்தான். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் வள்ளியோடு, மறு பக்கம் நின்றால் தெய்வானையோடு. மூன்று பேரையும் ஒருசேரப் பார்க்க முடியாது. குருக்கள் சொன்னதும் பெரியம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள். வள்ளிப் பக்கம், தெய்வானைப் பக்கம், திரும்ப வள்ளிப் பக்கம். வெளியே வந்து சொன்னாள்: “சாமிக்கும் எனக்கு மாரியேதான். ஒரு கண்ணுக்கு ஒருத்தி.” குருக்கள் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

மேலிருந்து செம்பரம்பாக்கம் ஏரி தகதகவென்று தெரிகிறது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. கோடை மழை இல்லாமலே இவ்வளவு தண்ணீர் நிற்பது கண்ணுக்கு நன்றாக இருந்தது. அம்மா ஏரியைப் பார்க்க மாட்டேன் என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள். 2015 டிசம்பரில் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட அந்த ராத்திரி அவள் என் தம்பி வீட்டில், அடையாற்றங்கரையில் இருந்தாள். மொட்டை மாடியில் இரண்டு நாள். பத்து வருஷம் ஆகப்போகிறது, ஏரி என்றால் அவளுக்கு இன்னும் அந்த இருட்டுதான். பருத்திப்பட்டில் ஏன் தண்ணீருக்கு முதுகு காட்டி டாங்கி பாக்டரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது இங்கே வந்துதான் எனக்குப் புரிகிறது. கண் மட்டும் காரணம் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மகாவீர் ஜெயந்தி, இவருக்கு விடுமுறை. அறுபத்து மூவர் ஊர்வலம் போனில் நேரலை. டிவியில் போட்டுக்கொடுத்தேன். ஒவ்வொரு பல்லக்காக வர, பெரியம்மா பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். சில பேர் தப்பு, அம்மா திருத்தினாள். எழுத்து தெரியாத பெரியம்மாவுக்கு இவ்வளவு நாயன்மார் கதை எங்கிருந்து வந்தது? அவர்கள் ஊரில் ஒவ்வொரு வருஷமும் வைத்த பிரசங்கமாம். கண்ணப்பர் பல்லக்கு வந்தபோது மட்டும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். வேண்டுமென்றே செய்தாளா என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். வீட்டிலேயே பாயசம். காமாட்சி கோயில் பக்கம் தலைகாட்ட முடியாத கூட்டம் என்று ஆட்டோத் தம்பி சொல்லி அனுப்பினான்.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருஷம் பிறந்தது. வேப்பம்பூவை மாடியில் பெரியம்மாவே நேற்று பொறுக்கினாள். விரித்த வேட்டியில் உதிர்ந்து கிடந்த பூவைத் தூசியிலிருந்து பிரிக்க என் கண்ணாலேயே முடியவில்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். “இந்தக் கண்ணுக்கு நெல்லுல இருக்கற பதரே தெரியும்.”

பச்சடி சாப்பிடும்போது அம்மா திடீரென்று, “அது எவ்ளோ நேரம் ஆவும்?” என்றாள். எது என்று தெரியாத மாதிரி இருந்தேன். “அதான், கண்ணு.” பெரியம்மா தட்டிலிருந்து தலை தூக்காமலே, “கண்ண மூடித் தெறக்கற நேரம்” என்றாள். மூடக் கூடாதே, திறந்துதானே வைத்திருப்பார்கள் என்று இவர் ஆரம்பித்தார். காலால் இடித்தேன்.

அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார் என்பதை அம்மாவுக்குச் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆள் என்றதும் அவளுக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்தது. “அவரே பண்ணுவாரா?” அவர் காலமாகி இருபது வருஷம் ஆகப்போகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. “அப்ப யாரு பண்றது?” என்று மறுபடியும் முகம் சுருங்கிவிட்டது. பெரியம்மாதான் மீட்டாள். “எனக்குப் பண்ணது ஒரு சின்னப் பொண்ணு. கை நடுங்கல, எனக்குத்தான் நடுங்கிச்சி.”

ஏப்ரல் 16, புதன்

வெயில் ஏறிவிட்டது. காலை எட்டு மணிக்கே ரோடு பளபளக்கிறது. தெருமுனைச் சரக்கொன்றை பூக்கத் தொடங்கியிருக்கிறது, இனிமேல் எங்களுக்கு ஊர் சுற்றல் இல்லை.

அல்லது அப்படி நினைத்தேன். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரருக்கு வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தில்தான் அதைக் களைவார்கள். லிங்கத்தில் தொண்டைமானின் வாள் பட்ட தழும்பு இருப்பதாகச் சொல்வார்கள். அம்மா அந்தக் காலத்தில் பௌர்ணமி வெள்ளியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மேலூர் திருவுடையம்மன், முல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் பஸ் மாறி மாறிப் பார்த்தவள். இப்போது மூன்றும் வேண்டாம், அந்த ஒரு நாள் ஈசனை மட்டும் காப்பு இல்லாமல் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று பெரியம்மா பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டாள்.

அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அது சதயத்துக்குப் பிறகு வருகிறது. முதலில் கண், பிறகு கோயில் என்று அம்மா. சாமி உனக்காகக் காப்பு இல்லாம காத்திருக்க மாட்டார் என்று பெரியம்மா. “நான் மேகமாப் பாத்துட்டு வர்றதுக்கா போறது?” “நான் சொல்றன், நீ கேட்டுக்கோ.” இருவரும் கூடத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சதயத்தன்று காலை ஆறு மணிக்கு வரச்சொல்லி ஆட்டோத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். முல்லைவாயில் தெற்கு மாட வீதியில் இவருடைய சித்தி மகள் வீடு இருக்கிறது, உட்காருகிற கழிப்பறைதான், கேட்டுவிட்டேன்.